இந்த விதியை யார் சொன்னார்?

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் திட்டங்களை மதிப்பிடும் குழுவில் அமர்ந்திருந்தேன். உட்பொதி அமைப்புகள் பிரிவில் வந்தவற்றுள் நான்கு திட்டங்கள் ஃபஸ்ஸி லாஜிக் முறையில் இயங்கும் கட்டுப்படுத்திகள். ஒன்று நீர்த்தொட்டியின் மட்டத்தைக் காப்பது. ஒன்று அறையின் வெப்பநிலைக்கு. ஒன்று மோட்டாரின் வேகத்துக்கு. மற்றொன்று கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்கு. நான்கும் நான்கு வகைப் பொருள்கள். நான்கிலும் இருந்ததோ ஒரே விதி அட்டவணை: ஏழு வரிசை, ஏழு நெடுவரிசை, 49 கட்டங்கள். நீரும் வெப்பமும் முட்டையும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்பது அந்த அட்டவணையின் நம்பிக்கை.

முட்டைப் பெட்டியைச் செய்த மாணவியிடம் ஒரு கட்டத்தைச் சுட்டிக் கேட்டேன்: “வெப்பம் சற்றே குறைவு, குறையும் வேகம் மிதம் எனில் விளக்கை நடுத்தரமாக உயர்த்துக என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விதியை உங்களுக்கு யார் சொன்னார்?” அவர் சற்று யோசித்து, “புத்தகத்தில் இருந்தது” என்றார். கோழி வளர்ப்பவர் எவரையேனும் கண்டு பேசினீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்கு வியப்பாக இருந்தது. இது மின்னணுவியல் திட்டம். இதில் கோழி வளர்ப்பவருக்கு என்ன வேலை?

அந்த மாணவியைக் குறைகூற இதை எழுதவில்லை. என்னுடைய முதுநிலைத் திட்டத்திலும் அதே 49 கட்டங்கள்தாம் இருந்தன. என்னிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் பின்னாளில் என் தாத்தா. அவர் மாரிகுப்பத்தில், கோலார் தங்கவயலின் மைசூர் மைனில், வைண்டிங் டிரைவராக இருந்தவர். இது நீண்ட பதிவு. கட்டுப்பாட்டுப் பொறியியல் கற்பிப்போரும் கற்போரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக முதலில் சில வரிகள். ஃபஸ்ஸி லாஜிக்கை இப்பதிவில் ‘மங்கல் தருக்கம்’ என்று எழுதுகிறேன். மரபான கணக் கோட்பாட்டில் ஒரு பொருள் ஒரு கணத்தில் உறுப்பாக இருக்கும், அல்லது இராது. மங்கல் தருக்கத்தில் அது ஓரளவு உறுப்பாக இருக்கலாம். சுரங்கத்தின் செங்குத்துக் குழியில் மேலேறி வரும் கேஜ், வாய்க்கு 40 மீட்டர் கீழே இருக்கும்போது ‘அருகில்’ என்ற கணத்தில் 0.3 அளவும், ‘தொலைவில்’ என்ற கணத்தில் 0.7 அளவும் உறுப்பு எனக் கொள்ளலாம். ‘அருகில் எனில் பிரேக்கை மெல்லத் தொடு’, ‘தொலைவில் எனில் தொடாதே’ என்ற இரு விதிகளும் அந்த அளவுகளுக்கேற்ப ஒருங்கே செயற்பட்டு, இறுதியில் பிரேக்குக்கு ஒரே எண்ணைத் தருகின்றன. கணிதம் இவ்வளவே. கடினமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. ‘அருகில்’ என்பது எத்தனை மீட்டர்? ‘மெல்ல’ என்பது எவ்வளவு? இவ்விரண்டையும் சூத்திரம் சொல்லாது; பொறியை இயக்கியவர்தாம் சொல்ல வேண்டும்.

இத்துறையின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும் இது விளங்கும். லோத்ஃபி ஸாதே மங்கல் கணங்கள் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டது 1965இல். அது அப்போது கட்டுப்பாட்டுக் கருவி எதையும் தரவில்லை, வரையறையைத்தான் தந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து லண்டன் குயின் மேரி கல்லூரியில், தான்சானியாவில் பிறந்து இந்தியாவில் பயின்ற இப்ராஹிம் மம்தானியும் அவருடைய மாணவர் அசிலியனும், ஆய்வகத்திலிருந்த சிறு நீராவி எஞ்சினை மங்கல் விதிகளால் இயக்கிக் காட்டினர். கொதிகலனின் அழுத்தமும் எஞ்சினின் வேகமும் எப்படி மாறினால் வெப்பத்தையும் நீராவித் திறப்பையும் எப்படி மாற்றுவது என்பதை, எஞ்சின் முன்னே நிற்கும் மனிதர் சொல்லும் பாங்கிலேயே எழுதினர்.

பின்னர் டென்மார்க்கில் ஹோம்பிளாடும் ஓஸ்டர்கார்டும் சிமெண்ட் சூளைக்கு மங்கல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, சூளை இயக்குவோருக்கான கையேட்டில் முன்பே இருந்த விதிகளிலிருந்து தொடங்கினர். 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில், ஹிட்டாச்சி ஆய்வாளர்கள் வடிவமைத்த மங்கல் கட்டுப்பாட்டுடன் ஓடத் தொடங்கியது. தேர்ந்த ஓட்டுநர் ரயிலை எப்படிக் குலுங்காமல், நடைமேடையின் குறியில் சரியாக நிறுத்துகிறார் என்பதே அதன் அடிப்படை. 1990இல் மாட்சுஷிட்டா நிறுவனத்தின் சலவை இயந்திரம், ஒளி உணரியால் நீரின் கலங்கலைப் பார்த்துத் துவைக்கும் நேரத்தை முடிவு செய்தது. துணி துவைப்பவர் எவரும் கண்ணால் செய்யும் வேலைதான் அது. அந்தப் பத்தாண்டில் இந்தியக் கடைகளிலும் ‘ஃபஸ்ஸி லாஜிக்’ என்ற ஒட்டுத்தாளுடன் சலவை இயந்திரங்கள் வந்து நின்றன.

எஞ்சின், சூளை, ரயில், சலவை ஆகிய நான்கிலும் கணிதத்துக்கு முன்னே ஒரு மனிதர் நிற்கிறார். நம் வகுப்பறைக்கு இத்துறை வந்து சேர்ந்தபோது அட்டவணை வந்தது. அந்த மனிதர் வரவில்லை. பிழையும் பிழை மாறும் வேகமும் உள்ளீடுகள், ஏழேழு பெயர்கள், முக்கோணச் சார்புகள், மேட்லேப் சாளரத்தில் ஒரு வண்ணப் பரப்பு என்பதே பாடமாயிற்று.

இனி மாரிகுப்பத்துக்கு வருகிறேன். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கே வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பிவழி பயணம் செய்து தங்கவயலின் பொறிகளை ஓட்டியது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கி.மீ. ஆழம்வரை சென்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆழத்தில் இறங்கி ஏறின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இன்று மாரிகுப்பம் ரயில் நிலையத்திலிருந்து விடியலில் புறப்படும் வண்டியில் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். நானும் அவ்வண்டியில் ஆய்வகத்துக்குப் போய்வருபவர்களுள் ஒருவர்.

குழியின் மேல்வாயருகே வைண்டர் வீடு இருக்கும். அதனுள்ளே பெரிய உருளை. அதில் சுற்றிய எஃகுக் கயிற்றின் இரு முனைகளில் இரு கேஜ்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். டிரைவர் கேஜைப் பார்ப்பதில்லை. அவர் முன் ஆழங்காட்டும் முள், ஆம்பியர் மானி, பிரேக் நெம்புகோல், மணியோசை. இவற்றை நம்பியே மனிதர்களையும் தாதுவையும் ஏற்றி இறக்குகிறார். தாத்தா அந்த இருக்கையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவர். சுரங்கம் மூடிய பிறகு அவரிடம் எவரும் அந்த வேலை பற்றி எதையும் கேட்கவில்லை. பேரப்பிள்ளை கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஆய்வுக்குச் சேர்ந்த பிறகும் முதல் ஒன்றரை ஆண்டு கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

என் ஆய்வுக்கு வைண்டரின் சிறு மாதிரி ஒன்றைச் செய்தேன். ஆய்வகக் கட்டடத்தின் மாடிப்படிக் கிணறே குழி. 12 வோல்ட் மோட்டார், உருளை, சுழற்சியை எண்ணும் உணரி, இரு புறமும் தகரப்பெட்டிக் கேஜ்கள், கயிற்றுக்குப் பதில் நைலான் நூல். மூளையாக ஒரு எட்டு பிட் நுண்கட்டுப்படுத்தி, ஏ.டி.மெகா 328. அதில் வழக்கமான 49 விதிகளை எழுதினேன். வெற்றுப் பெட்டி குறியில் நின்றது. எடை வைத்ததும் சில முறை தாண்டிப் போனது, சில முறை முன்னரே நின்றது. உறுப்பாண்மைச் சார்புகளின் அகலத்தை மாற்றி மாற்றி இரண்டு மாதம் கழிந்தது. ஓர் எடைக்குச் சரியாக்கினால் இன்னோர் எடைக்குக் கெட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டத்தின் காணொளியைத் தாத்தாவுக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி: “கண்ணு, உன் கயித்துக்கு எடையே இல்லியே?” எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். நிஜக் குழியில் கயிறே பெரும் பாரம். கீழ் நிற்கும் கேஜைத் தூக்கத் தொடங்கும்போது அந்தப் பக்கம் தொங்கும் கயிற்றின் முழு எடையும் எதிர்க்கும். இரு கேஜ்களும் நடுவழியில் சந்தித்துக் கடந்ததும், இறங்கும் பக்கத்துக் கயிறு நீண்டு, அது தானே வண்டியை இழுக்கத் தொடங்கும். பயணத்தின் முற்பாதியில் மோட்டாருக்கு வேலை. பிற்பாதியில் பிரேக்குக்கு வேலை. நூல் கட்டிய என் மாதிரியில் இந்த வேறுபாடே இல்லை. நான் வைண்டர் என்று பெயர் சூட்டியிருந்தது வைண்டரே இல்லை.

நூலைக் கழற்றிவிட்டுச் சங்கிலி கட்டினேன். அதுவரை ஓரளவு நின்ற வண்டியும் நிற்கவில்லை. தாத்தாவின் உலகம் அப்போதுதான் என் மேசைக்கு வந்தது.

அடுத்து 49 விதிகளையும் தமிழில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். பல கட்டங்களுக்கு “இது நடக்காது” என்றார். தூரம் மிக அதிகமாக மீந்திருக்க, வண்டி மிக வேகமாகப் பின்னோக்கிப் போகும் நிலை போன்றவை அட்டவணையின் சமச்சீருக்காக மட்டுமே எழுதப்பட்டவை. ஒரு மூலைக் கட்டத்தில், வாய்க்கு மிக அருகில் மிகு வேகத்துடன் வந்தால் பிரேக்கை முழுதாகப் போடுக என்றிருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அந்த நெலமைக்கு வந்துட்டாலே நீ தப்பு பண்ணிட்டே. அதுக்கு ரூல் எழுதாதே. அங்க வராம இருக்கறதுக்கு எழுது.” மனிதர் நிற்கும் கேஜில் திடீரென முழு பிரேக் போட்டால் கயிறு துள்ளும், உள்ளே இருப்பவர்களின் முழங்கால் தாங்காது. வாயைத் தாண்டி ஏறும் ஓவர்வைண்ட் பற்றிக் கேட்டேன். “அங்க கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது. கட் ஆகணும், அவ்வளவுதான்” என்றார். உலகெங்கும் சுரங்க வைண்டர்களில் மிகைவேகத்தையும் மிகையேற்றத்தையும் தடுக்கத் தனி எந்திரக் காப்பு வைப்பதன் காரணம் அதுவே. மங்கல் தருக்கத்துக்கு எல்லை எங்கே என்பதைப் பாடநூல்களைவிடத் தெளிவாக அவர் சொல்லிவிட்டார்.

அதன்பின் நான் கேட்ட கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: “நீங்கள் எதைப் பார்த்து பிரேக்கைத் தொடுவீர்கள்?” ஆழங்காட்டியை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது ஆம்பியர் மானியை. புறப்பட்ட முதல் சில நொடிகளில் முள் எவ்வளவு ஏறுகிறது என்பதிலிருந்து கேஜில் எவ்வளவு பாரம் என்று தெரிந்துவிடும். அதை வைத்து, பயணம் பாதிகூட ஆகுமுன்பே, ஆழங்காட்டியின் எந்தக் கோட்டில் வேகத்தைக் குறைப்பது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார். என் 49 கட்டங்களில் பாரம் என்ற உள்ளீடே இல்லை. இரண்டு மாதமாக நான் முக்கோணங்களின் அகலத்தில் தேடிக்கொண்டிருந்தது, பொருத்தப்படாத ஓர் உணரியில் இருந்தது.

மின்னோட்டத்தை அளக்கும் சிறு ஹால் விளைவு உணரி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். உள்ளீடுகள் இரண்டே: மீந்த தூரம், புறப்பாட்டில் உணர்ந்த பாரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள், விதிகள் ஒன்பது. எல்லைகளைத் தாத்தாவே வைத்தார். வெவ்வேறு எடைகளுடன் வண்டி குறியருகே மெல்ல வந்து நின்றது.

இதுவரை வாசித்தவர்கள், மங்கல் தருக்கம் வென்றது என்ற முடிவை எதிர்பார்க்கலாம். அந்த முடிவை எழுதி ஒரு கட்டுரையையும் தயாரித்தேன். அனுப்புமுன் என் நெறியாளர் ஒரு சோதனை செய்யச் சொன்னார். அதே மின்னோட்ட உணரியை வைத்து, பாரத்துக்கேற்பப் பெருக்கங்களை மாற்றும் சாதாரண பி.ஐ.டி. கட்டுப்படுத்தியை எழுதிப் பார்த்தேன். அதுவும் ஏறத்தாழ அதே அளவு நன்றாக நிறுத்தியது. மேம்பாட்டைத் தந்தது தருக்கத்தின் வகையன்று. எதைப் பார்க்க வேண்டும் என்ற அறிவு.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கண்டுபிடிப்பன்று. 1993இல் சார்ல்ஸ் எல்க்கன் என்ற கணினியியலாளர், மங்கல் கட்டுப்படுத்திகளின் வெற்றிக்கும் மங்கல் தருக்கத்தின் கோட்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்று வாதிட்டு ஒரு மாநாட்டுக் கட்டுரை எழுதினார். அவை வெற்றி பெறுவது விதிகள் குறைவாக இருப்பதாலும், உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு ஒரே படியில் செல்வதாலும், கையால் திருத்திச் சரிசெய்யப்படுவதாலுமே என்பது அவர் கருத்தின் சாரம். துறையினர் பலர் கடுமையாக மறுத்தனர். என் மாடிப்படிக் கிணற்றின் அனுபவம் அவர் பக்கமே சாய்கிறது.

அப்படியாயின் மங்கல் தருக்கம் எதற்கு? என் பதில்: தாத்தாவால் வாசிக்க முடிந்தது அது ஒன்றைத்தான். பி.ஐ.டி.யின் மூன்று பெருக்கங்களையும் அவர்முன் வைத்தால் அவை எண்கள். அவற்றில் எது தவறு என்று அவரால் சொல்ல இயலாது. ‘தூரம் குறைவு, பாரம் வண்டியை இழுக்கிறது எனில் பிரேக்கை முன்னரே தொடு’ என்ற வரியை அவர் வாசித்தார். ‘முன்னரே’ என்பது போதாது, இன்னும் முன்னே என்று திருத்தினார். நான் எழுதிய ஒரு விதியைப் பேனாவால் அடித்தார். பொறிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை, அப்பொறியோடு வாழ்ந்த மனிதர் வாசித்து மறுக்கக்கூடிய வடிவம் இது. துல்லியத்தில் பிற முறைகள் இதற்கு ஈடுகொடுக்கலாம். இந்தப் பண்பில் ஈடுகொடுப்பவை மிகச் சில.

ஆதலால் 49 கட்டங்களை நூலிலிருந்து படியெடுப்பது வெறும் சோம்பல் என்று நான் எண்ணவில்லை. அது இந்த முறையின் ஒரே தனிச்சிறப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சிய கணிதத்தை மட்டும் வைத்துக்கொள்வது. அந்தக் கணிதத்தில் வேறு எதுவும் செய்யாததைச் செய்யும் மாயம் ஒன்றுமில்லை.

சில்லுக்குள் போகும்போதும் இதே பாடம் வேறு வடிவில் வருகிறது. ஏ.டி.மெகா 328இல் நிரலுக்கு 32 கிலோபைட். தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். வகுத்தலுக்கெனத் தனி வன்பொருள் கிடையாது. மேட்லேப் சாளரத்தில் அழகாகத் தோன்றும் ஈர்ப்புமையக் கணக்கீட்டை அதில் அப்படியே நிகழ்த்துவது வீண். வெளியீட்டை ஒற்றை எண்களாக வைத்து எடையிட்ட சராசரி எடுத்தால் ஒரே ஒரு வகுத்தலுடன் முடியும். உறுப்பாண்மை அளவை 0 முதல் 255 வரையிலான முழுவெண்ணாக வைத்தால் தசமப் புள்ளியே தேவையில்லை. முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணையாக வைக்கலாமா என்றால், இரு எட்டு பிட் உள்ளீடுகளுக்கு 65,536 பைட் வேண்டும். சில்லில் அவ்வளவு இடமில்லை. ஒவ்வோர் உள்ளீட்டையும் 32 படிகளாகக் குறைத்தால் 1,024 பைட் போதும். மோட்டோரோலாவின் 68எச்சி12 சில்லில் மங்கல் விதிகளை மதிப்பிடவென்றே தனிக் கட்டளைகள் இருந்தன. அத்துறை உச்சத்திலிருந்த காலத்தின் நினைவுச்சின்னம் அது. இன்று அப்படிச் சிறப்புச் சில்லு தேவையில்லை. தேவை, விதிகள் குறைவாக இருப்பது. விதிகளைக் குறைப்பதற்கு எது நடக்கும், எது நடக்காது என்று தெரிய வேண்டும். அதை மீண்டும் இயக்குநரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: இயக்குநரின் அறிவு தவறாகவும் இருக்கலாமே? இருக்கலாம். ஒரே எடைக்குத் தாதுவைவிட மனிதர் ஏறிய கேஜ் குறைந்த ஆம்பியர் காட்டும் என்று தாத்தா உறுதியாகச் சொன்னார். உயிருள்ள பாரம் இலேசானது என்பது அவர் தந்த காரணம். காரணம் தவறு, கவனிப்பு சரி. மனிதர் ஏறியிருக்கும்போது டிரைவர் மெல்ல முடுக்குவார். முடுக்கம் குறைந்தால் மின்னோட்டம் குறையும். கேட்பதென்றால் தலையாட்டிக் குறித்துக்கொள்வதன்று; சொன்னதைச் சோதித்து, கவனிப்பையும் காரணத்தையும் பிரித்தெடுப்பது. அதுதான் நம் வேலை. அவருடைய கவனிப்பு இல்லையேல் பிரித்தெடுக்க நம்மிடம் எதுவும் இராது.

இரண்டாவது: இன்று தரவிலிருந்து பொறியே கற்றுக்கொள்ளுமே, இயக்குநர் எதற்கு? தரவில் இருப்பது நிகழ்ந்தவை. தேர்ந்த இயக்குநரின் அறிவில் பெரும்பகுதி, நிகழவிடாமல் தடுத்தவற்றைப் பற்றியது. நல்ல டிரைவர் ஓட்டிய பல்லாயிரம் பயணங்களின் பதிவைக் கொடுத்தாலும், அவர் ஏன் அந்த மூலைக் கட்டத்துக்கு ஒருமுறையும் போகவில்லை என்பது அதில் எழுதியிராது. மேலும் எல்லாத் தொழிலும் பதிவு வைத்துவிட்டு மூடப்படுவதில்லை. மைசூர் மைனின் ஆம்பியர் மானி முள் எப்படி ஏறி இறங்கியது என்பதற்குச் சேமித்த கோப்பு என்னிடம் இல்லை. இருப்பது ஒரு முதியவரின் நினைவு.

மூன்றாவது: மூடிய சுரங்கத்தின் கைத்திறனை இன்று சேகரித்து என்ன பயன்? வைண்டரை விட்டுவிடுவோம். அரியலூரின் சிமெண்ட் சூளையை நிறம் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணியின் ஓரத்தைப் பிழிந்து பார்த்து நேரம் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை ஆலையின் பானில் பாகை விரலிடையே இழுத்து, படிகம் கட்டும் நேரத்தை அறிபவர்கள் இருக்கிறார்கள். நெல் அவிக்கும் ஆலையில் ஆவியின் மணத்தால் முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். நம் கல்லூரிகள் பலவற்றிலிருந்து இவர்கள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறார்கள். முட்டைப் பெட்டி செய்த மாணவியின் ஊரிலும் கோழி அடைவைக்கத் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார்.

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய செய்தி. ஒன்பது விதிகள் பற்றிய கட்டுரையில் தாத்தாவின் பெயரையும் பணியையும் குறிப்பிட்டு, விதிகளும் எல்லைகளும் அவர் தந்தவை என்று எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒருவர், ‘செயல்முறை அறிந்த ஒருவரின் கருத்து’ என்று பொதுவாகக் குறித்தால் போதும், பெயர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அவர் தீய நோக்கத்தில் சொல்லவில்லை, மரபைச் சொன்னார். ஆனால் அந்த மரபைச் சற்று நோக்குங்கள். மின்னோட்ட உணரியின் தயாரிப்பு எண்ணைக் குறிக்காமல் விட்டால் கட்டுரை திரும்பி வரும். அந்த உணரியைப் பொருத்தச் சொன்னவரின் பெயரைக் குறித்ததால் திரும்பி வந்திருக்கிறது.

ஸாதேயின் கட்டுரை வெளிவந்த அதே 1965இல், எங்கள் ஊரின் மண்ணுக்கடியில் ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. தங்கவயலின் பெயர் இயற்பியல் வரலாற்றில் நிற்பது அதனால். அந்தக் கருவிகள் தாமே கீழே போகவில்லை. அவற்றையும் அறிவியலாளர்களையும் அலுங்காமல் இறக்கி, பத்திரமாக மேலே கொண்டுவந்த கைகள் வைண்டர் வீட்டில் இருந்தன. அறிவியலின் நினைவில் அக்கைகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

ஆசிரியர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் நான் வேண்டுவன நான்கு. மங்கல் கட்டுப்பாட்டுத் திட்டம் எதையும் ஏற்குமுன், அப்பொறியை இயக்கியவர் ஒருவரோடு மாணவர் சில நாளேனும் அமர்ந்தாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு விதியின் அருகிலும் அதைச் சொன்னவர் யார், அதைச் சோதித்தது எப்படி என்ற நிரல் ஒன்று இருக்கட்டும். அதே உணரிகளோடு ஒரு எளிய பி.ஐ.டி. என்ன செய்கிறது என்பதை அருகே காட்டச் சொல்லுங்கள். மங்கல் முறை தோற்றாலும் அது நல்ல ஆய்வே. உயிர்காக்கும் எல்லைகளை மங்கல் விதிகளிடம் விடாதீர்கள். அங்கே கொஞ்சம் என்று ஒன்று கிடையாது.

கட்டுரையை மீண்டும் அனுப்பியிருக்கிறேன், பெயரோடு. ஒன்பது விதிகளும், அடித்த ஒன்றும், தாத்தாவின் கையெழுத்தில் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வரும். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கேள்விகளைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுகிறேன். அவரோடு வேலை செய்த டிரைவர்களுள் இன்னும் சிலர் எங்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு அவர்களுள் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால், நீங்களும் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.